‘டிஸ்பாட்சர்’ தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கொன்றை (ஸ்காபரோ), திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே கனடாவில் ஒரு முதியோர் சங்கத்துக்காக, அவசர உதவிக்கு அழைக்கும் 911 எண் பற்றி நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எப்போது அழைப்பது, எடுத்தவர் என்ன கேட்பார், என்ன பதில் சொல்வது, அவ்வளவுதான். மூன்றரைப் பக்கம் முடிந்தது. ‘டிஸ்பாட்சர்’ (அழைப்பு வந்ததும் அம்புலன்ஸை அனுப்பிவைப்பவர்) என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. வெள்ளி காலை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

இந்தச் சொல்லுக்காக ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்றால், போன குளிருக்குள் எங்கள் கட்டடத்தில் நடந்த ஒன்று. ஆறாம் மாடியில் ஒரு அம்மா. கணவருக்கு இரவு நெஞ்சுநோ. அம்மா 911 அடித்தார். முதலில் ஒருவர் போலீஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா என்று கேட்டார். அம்புலன்ஸ் என்றதும் இணைப்பு மாறி வேறொருவர் வந்தார். வந்தவர் முகவரி கேட்டார், தொலைபேசி எண் கேட்டார், மூச்சு விடுகிறாரா, நினைவோடு இருக்கிறாரா, வயதென்ன என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘இவர் இஞ்சை சாகப்போறார், அந்தப் பிள்ளை ஃபோம் நிரப்பிக்கொண்டு நிக்குது’ என்று போனை வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடி விட்டு, நான்காம் மாடிக்கு என்னைக் கூப்பிட ஓடிவந்தார். நாங்கள் மேலே போனபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள்தான் திரும்ப எடுத்திருக்கிறார்கள். வண்டி ஏற்கெனவே தெருமுனைக்கு வந்திருந்தது. ஐயா இப்போது நலம், சீட்டாட வருகிறார்.

அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதே அறையில் இன்னொருவர் வண்டியை அனுப்பிவிடுவார். கேள்வியால் வண்டி தாமதமாவதில்லை. இந்த இரண்டு பேருக்கும் இரண்டு பெயர் வைத்தால் கையேட்டில் இதை எளிதாகச் சொல்லிவிடலாம்.

முதல் வரைவில் ‘அனுப்புநர்’ என்று போட்டேன். சங்கச் செயலாளர் படித்துவிட்டு, ‘பெறுநர் எங்கே பிள்ளை?’ என்று கேட்டார்.

—

சுருக்கெழுத்து (சென்னை), திங்கள் இரவு

ஆறாம் வகுப்பில் விடுமுறை விண்ணப்பம் எழுதிய எவனுக்கும் ‘அனுப்புநர்’ என்றால் இடப்பக்க மூலையில் தன் பெயரும் ஊரும்தான். அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. திரும்பக் கிடைக்காது.

‘டிஸ்பாட்சர்’ என்றே போடுங்கள். கனடாவில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு அது தெரியாதா?

—

கொன்றை (ஸ்காபரோ), திங்கள் இரவு

> கனடாவில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு அது தெரியாதா?

தெரியாது அண்ணை. ‘கேஷியர்’ தெரியும், ‘பஸ்ஸர்’ தெரியும் (கீழ்வாசலில் அழுத்தும் மணி), ‘சூப்பர்’ தெரியும் (கட்டடம் பார்க்கிறவர்). டிஸ்பாட்சரோடு யாருக்கும் பழக்கமில்லை. வாழ்க்கையில் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசுகிற ஆள்.

இன்னொன்று. ஒன்ராறியோவில் அவர்களுடைய பதவிப் பெயரிலேயே அந்தச் சொல் இல்லை. ‘அம்புலன்ஸ் தொடர்பு அலுவலர்’ என்று வருகிற மாதிரித்தான் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் கையேட்டின் ஆங்கில மூலத்தில் ‘டிஸ்பாட்சர்’ என்று போட்டிருக்கிறார்கள்.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), செவ்வாய் காலை

அன்புள்ள கொன்றை,

நல்ல கேள்வி. அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. (‘அவசரம்’ வடசொல். அதைத் தனியாகப் பேசுவோம்.)

அனுப்புதல் பிழையான சொல் இல்லை, மெலிந்த சொல். பொட்டலத்தையும் அனுப்பலாம், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கும் அனுப்பலாம். இங்கே நமக்கு வேண்டியது, இன்ன வேலைக்கு இன்னார் என்று தேர்ந்து விரைந்து செலுத்துவது. தமிழில் அதற்கு மூன்று வினைகள் உண்டு.

முதலாவது ஏவு. ‘ஏவவும் செய்கலான் தான்தேறான்’ என்ற குறளை நினைவுகூர்க. இரண்டாவது விடு. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’. டிஸ்பாட்ச் என்ற வேலைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எந்த மொழியிலும் இருக்க முடியாது. எந்த வண்டி, எந்தக் கருவியோடு, எந்தக் குழு என்று ஆய்ந்து அதனிடம் விடுவது. தூது விடுதல் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா, அந்த ‘விடு’.

மூன்றாவது, என் மனத்துக்கு உகந்தது, உய். தன்வினையில் உய்தல் என்றால் பிழைத்தல். பிறவினையில் உய்த்தல் என்றால் செலுத்துதல். ‘நன்றின்பால் உய்ப்பது அறிவு’. கன்னடத்தில் இன்றும் ‘ஒய்யு’ என்றால் கொண்டுபோதல். ஒரே வேரில் செலுத்துவதும் பிழைப்பதும். வண்டியை உய்ப்பவர், அதனால் நோயாளியை உய்விப்பவர். எனவே:

உய்ப்பாளர், உய்ப்பகம்.

இதற்குமேல் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

—

சுருக்கெழுத்து (சென்னை), செவ்வாய் காலை

ஐயாவின் மடலைப் படித்ததும் கொஞ்ச நேரம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஏவு: ஏவுகணை வந்தபிறகு அந்த வினை ராணுவத்துக்குப் போய்விட்டது. அதற்கு முன்பே அது மந்திரவாதியிடம் இருந்தது. பில்லி, சூனியம், ஏவல். ‘ஏவல் மையம்’ என்று பலகை வைத்தால் எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள்.

விடு: ‘விடுநர்’ என்றால் விடுமுறை கொடுப்பவரா, விடுதி வைத்திருப்பவரா?

உய்ப்பாளர்: போனில் சொல்லிப் பாருங்கள் ஐயா. என் மனைவியிடம் அடுத்த அறையிலிருந்து சொன்னேன். ‘ஒப்பாரியா, எங்கே?’ என்றார்.

—

நெய்தல் (சிங்கப்பூர்), செவ்வாய் மதியம்

எங்கள் பக்கத்து நிலவரம். இங்கே தமிழ் ஆட்சிமொழி என்பதால் அமைப்புகளின் பெயருக்கெல்லாம் தமிழ் உண்டு. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை என்று எழுதுகிறோம். தீக்கும் மருத்துவ வண்டிக்கும் 995, போலீசுக்கு 999. ஆனால் அழைப்பை எடுப்பவரையும் வண்டி அனுப்புபவரையும் தனித்தனியாகக் குறிக்கவேண்டிய இடம் எனக்கு வந்ததில்லை. ‘995க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும்.

ஆனால் கொன்றை சொன்ன இரண்டு பேர் உண்மையில் மூன்று பேர் என்பதைக் கவனித்தீர்களா? எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு இணைப்பை மாற்றிக் கொடுத்தவர் ஒருவர். விவரம் கேட்டவர் இன்னொருவர். வண்டியை அனுப்பியவர் மூன்றாமவர்.

அந்த முதலாமவருக்குத்தான் வரலாறு அதிகம். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு மருத்துவர் வீட்டில் தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புக்குப் போன் போட்டார். தொலைபேசி நிலையத்தில் இவருடைய அழைப்பும் மற்ற அழைப்புகளோடு வரிசையில் நின்றது. அவர் கோபத்தில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து கிளம்பிய விசாரணையின் முடிவில்தான் 1937 ஜூன் 30 அன்று 999 வந்தது. அந்த எண்ணிலிருந்து வரும் அழைப்புக்குத் தனி மணியும் சிவப்பு விளக்கும் வைத்தார்கள்.

—

கொன்றை (ஸ்காபரோ), செவ்வாய் மாலை

நன்றி நெய்தல். இடையில் ஒரு பெருமை: வட அமெரிக்காவில் இப்படி ஒரே எண் முதலில் வந்தது எங்கள் வினிப்பெக்கில், 1959இல். எண் 999. அமெரிக்காவில் 911 முதல் மணி அடித்தது 1968 பிப்ரவரி 16, அலபாமாவில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில். இதைச் சொன்னால் நியூ ஜெர்சி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

சொல் இன்னும் கிடைக்கவில்லை.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), செவ்வாய் இரவு

மூவர் என்றால் இன்னும் நல்லது. முதலாமவர் ஆற்றுப்படுத்துநர். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்ற பாணன் எதிரில் வரும் பாணனுக்கு ‘இன்ன வழியில் இன்னாரிடம் போ’ என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. போலீஸா, தீயா, மருத்துவமா என்று கேட்டு உரிய இடத்துக்கு வழிகாட்டுபவர் வேறு யார்? இரண்டாமவர் வினவுநர். மூன்றாமவர் உய்ப்பாளர். சுருக்கெழுத்தாரின் இல்லத்தில் கேட்ட ஒலிப்பிழைக்கு நான் பொறுப்பில்லை.

—

கிடுகு (யாழ்ப்பாணம்), செவ்வாய் இரவு

ஐயா, ஆற்றுப்படுத்துதல் என்றால் இப்போது கவுன்சலிங். உங்கள் ஊரில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலக வேலை விளம்பரத்தில்கூட ‘ஆற்றுப்படுத்துநர்’ பார்த்திருக்கிறேன். வீடு எரியும்போது கவுன்சலருக்கு இணைப்புக் கொடுத்தால் நன்றாக இராது.

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன், ஒரு யோசனை. இங்கே 1990 அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்தது. எங்கள் சனத்துக்கு அம்புலன்ஸ் என்றால் ‘நோயாளர் காவுவண்டி’, நன்றாகப் பழகிய சொல். அதை ஒட்டியே ‘காவுவண்டி அனுப்புபவர்’ என்று வைத்தால் கொன்றையின் முதியவர்களுக்கு உடனே விளங்கும். அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தானே.

—

தேர்ப்பாகன் (சேலம்), செவ்வாய் இரவு

> காவுவண்டி அனுப்புபவர்

அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். நான் ஆறு வருடம் 108 வண்டியில் மருத்துவ உதவியாளராக இருந்தவன். எங்கள் வண்டியில் ‘நோயாளர் காவுவண்டி’ என்று எழுதியிருந்தால் ஒரு ஆள் ஏறமாட்டார். எங்கள் பக்கம் காவு என்றால் கிடா வெட்டுவது. ‘லாரி மோதி மூன்று உயிரைக் காவு வாங்கியது’ என்று தினமும் பேப்பரில் வருகிறது.

—

கிடுகு (யாழ்ப்பாணம்), புதன் காலை

எதிர்பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒவ்வொருவரும் முதல் நாள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று இந்தப் படத்தை எடுத்து முகநூலில் போடுகிறார்கள்.

காவுதல் என்றால் தோளில் சுமத்தல். ‘அந்த வாளியைக் காவிக்கொண்டு வா’ என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறோம். கா என்பது தோளில் வைக்கும் தண்டு. நீங்கள் பழனிக்கு எடுக்கும் காவடியில் இருப்பதும் அதே ‘கா’. புறநானூற்றில் ஔவையார் ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பவில்லையா? யாரை வெட்டினார்?

நல்ல தமிழை நாங்கள் வைத்திருக்கிறோம், நீங்கள் தொலைத்துவிட்டுச் சிரிக்கிறீர்கள்.

—

சுருக்கெழுத்து (சென்னை), புதன் காலை

கிடுகு சொல்வது சரி. இதில் நாங்கள் வாதாட முடியாது. ஆனால் எங்கள் செய்தி அறையில் ‘காவு’ தலைப்புக்கு வரும்போது குறைந்தது ஒரு உயிராவது போயிருக்கும். சொல்லின் வேர் எங்கே இருந்தாலும், படிப்பவன் பயப்படுவது இன்றைய பொருளுக்குத்தான்.

அந்த ஔவை பாட்டில் எனக்குப் பிடித்தது வேறு இடம். மூட்டை கட்டும் முன் அவர் பொரிந்து தள்ளுவது யாரிடம்? ‘வாயிலோயே, வாயிலோயே’ என்று வாயிற்காவலனிடம். உள்ளே இருக்கிற அதியமானை விட்டுவிட்டு, வாசலில் நிற்கிறவன்மேல் கோபம். ஆறாம் மாடி அம்மாவும் அதைத்தான் செய்திருக்கிறார். டிஸ்பாட்சருக்கு ‘வாயிலோன்’ என்று வைத்துவிடலாமா?

—

மட்டுறுத்துநர், புதன் காலை

நண்பர்களே, காவு பற்றி இந்தக் குழுவில் இது நான்காவது இழை. ‘கலப்பை’ எப்படி வாத்தியப் பையிலிருந்து உழுகருவி ஆனது என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே தொடங்க வேண்டாம். கொன்றைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

—

வேம்பு (நியூ ஜெர்சி), புதன் மாலை

ஹேலிவில்லுக்காகச் சண்டைக்கு வரவில்லை. வேறு ஒன்று சொல்ல வந்தேன்.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் அவ்வளவு நிலையாக இல்லை. அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் முன்பு ‘போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் டிஸ்பாட்சர்’ என்று இருந்தது. 2018 பதிப்பில் ‘பொதுப் பாதுகாப்புத் தொலைத்தொடர்பாளர்’ என்கிற மாதிரி மாற்றினார்கள். பெயர் மாறியும் வகை மாறவில்லை. அலுவலக எழுத்தர் வேலைகள் இருக்கும் பிரிவிலேயே வைத்திருந்தார்கள். போலீசும் தீயணைப்பு வீரரும் ‘பாதுகாப்புப் பணி’ப் பிரிவில். எங்களையும் அங்கே சேருங்கள் என்று இவர்கள் நாடாளுமன்றம் வரை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் மயங்கி விழுந்து மூச்சு இல்லை என்றால், போனில் இருப்பவர்தான் கூப்பிட்டவரின் கையைப் பிடித்து நடத்துகிற மாதிரி நடத்துவார். ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள், இன்னொரு கையை அதன்மேல் வையுங்கள், அழுத்துங்கள். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அவரே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே இருப்பார். வண்டி வந்து கதவைத் தட்டும்வரை எண்ணுவார்.

இந்த ஆளை ‘அனுப்புபவர்’ என்று மட்டும் சொன்னால் அஞ்சலக எழுத்தர் மாதிரி ஆகிவிடுகிறது. பனம்பாரன் ஐயாவின் ‘உய்’ எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகப் பிடித்திருக்கிறது.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), வியாழன் விடியற்காலை

வேம்புக்கு நன்றி. ஒருவராவது வேரைப் பார்க்கிறீர்கள்.

நம் மரபில் மருத்துவமனைப் பணிக்குப் பெயர் வைக்கத் தெரியாமலா இருந்தார்கள்? திருமுக்கூடலில் வீரராசேந்திரன் கல்வெட்டைப் பாருங்கள். வீரசோழன் ஆதுலசாலையில் 15 படுக்கை. மருத்துவர் ஒருவர், ‘சல்லியக்கிரியை பண்ணுவான்’ ஒருவன், மருந்து கொண்டுவருபவர்கள், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் பணியும் கூலியும் கல்லில் வெட்டியிருக்கிறது. நிற்க, ஆதுலர் என்ற சொல்லும் ‘ஆத்திர அவசரம்’ என்று நாம் சொல்வதில் உள்ள ஆத்திரமும்…

—

சுருக்கெழுத்து (சென்னை), வியாழன் காலை

> ‘சல்லியக்கிரியை பண்ணுவான்’

ஐயா, உங்கள் சான்றே உங்களுக்கு எதிராகப் போகிறது. அறுவை மருத்துவருக்குச் சோழன் கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறான்? பண்ணுவான். இன்ன வேலையைப் பண்ணுகிறவன். ஆளர், நர், ஓன் எதுவும் இல்லை. அந்தக் கணக்கில் ‘வண்டி அனுப்புவார்’ என்பது ஆயிரம் வருடத்து மரபு.

—

தேர்ப்பாகன் (சேலம்), வியாழன் காலை

நான் இலக்கணம் பேசவில்லை. வண்டிக்குள்ளிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008இல். ஆறு வருடத்தில் ‘அனுப்பினவர் யார்’ என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்களுக்கு அது ‘108லேர்ந்து பேசினாங்க’. எங்களுக்கும் ‘சென்னையிலேர்ந்து கேஸ் குடுத்தாங்க’. ஓட்டுநரை நாங்கள் பைலட் என்போம், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். என்னோடு இருந்த பைலட்டின் பாட்டி, பேரன் விமானம் ஓட்டுகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அதற்குத் தமிழ் இல்லாமல் யாரும் சாகவில்லை.

கேஸ் வந்ததும், கூப்பிட்டவர் எண்ணுக்கு வண்டியிலிருந்து நாங்களே போன் போடுவோம். ‘எங்கய்யா இருக்கீங்க?’ என்று அவர்கள். ‘எங்க வரணும்?’ என்று நாங்கள். இந்த இரண்டு கேள்வியிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். ‘மாரியம்மன் கோவில் பக்கம்’ என்பார்கள். சேலத்தில் மாரியம்மன் கோவில் இல்லாத பக்கம் எது? ஒருமுறை ராத்திரி ஒன்றரை மணி, மழை. ஒரு பையன் மட்டும், ‘மெயின் ரோட்டுல எங்க மாமா மஞ்சள் குடை பிடிச்சுட்டு நிக்கிறாரு’ என்று சொன்னான். நேராகப் போய்விட்டோம். அந்த ஊர்ப் பெயர் மறந்துவிட்டது, குடை மறக்கவில்லை.

கொன்றை அக்கா, உங்கள் கையேட்டில் நல்ல சொல் இருக்கிறதோ இல்லையோ, குடை இருக்கவேண்டும்.

—

கொன்றை (ஸ்காபரோ), வியாழன் காலை

தம்பி, கையேட்டில் குடை இருக்கிறது. இங்கே குடைக்குப் பதில் பஸ்ஸர் எண். வாசல் கதவு பூட்டியிருக்கும். வீட்டு எண் மட்டும் சொன்னால் போதாது, பஸ்ஸர் எண்ணும் சொல்லவேண்டும், முடிந்தால் ஒருவர் கீழே இறங்கி லிப்டைப் பிடித்துவைக்கவேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். ஆங்கிலம் வராவிட்டால் ‘டமில்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள் என்று. எங்கள் ஆட்கள் முதல் ஆங்கில வசனத்திலேயே பயந்து வைத்துவிடுகிறார்கள். கைதவறி 911 அழுத்திவிட்டாலும் அப்படித்தான், வைத்துவிடுகிறார்கள். வைக்காமல் ‘தவறுதலாக அழுத்திவிட்டேன்’ என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். வைத்துவிட்டால் அவர்கள் திரும்ப அழைக்கவேண்டும், எடுக்காவிட்டால் யாரையாவது அனுப்பிப் பார்க்கவேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் கேட்கிறார்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ‘டிஸ்பாட்சர்’ என்பதற்கு எதிரே வெற்றிடம் விட முடியாது.

‘பணிப்பாளர்’ என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். எங்களுக்குப் பணிப்பாளர் என்றால் திணைக்களத் தலைவர். முடியாது.

—

நெய்தல் (சிங்கப்பூர்), வியாழன் மதியம்

‘அவசர அழைப்பு மையம்’, ‘அழைப்பு ஏற்பவர்’, ‘வண்டி அனுப்புபவர்’. நீளம்தான், ஆனால் படித்தவுடன் விளங்கும். எனக்கு இதுவே போதும்.

—

கிடுகு (யாழ்ப்பாணம்), வியாழன் மதியம்

மையம் வேண்டாம், நிலையம் என்று போடுங்கள். எங்கள் நாட்டில் மையவாடி என்றால் முஸ்லிம் மக்கள் அடக்கம் செய்யும் இடம். அவசர மையம் என்றால் என் காதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

(இதைச் சொன்னதும் காவுவண்டிக்கு நான் சொன்ன பதிலை யாராவது எனக்கே திருப்பிச் சொல்லப்போகிறீர்கள். தெரியும்.)

—

சுருக்கெழுத்து (சென்னை), வியாழன் மதியம்

சொல்லவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான்.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), வியாழன் மாலை

‘அனுப்புபவர்’, ‘ஏற்பவர்’ ஆகியன வினையாலணையும் பெயர்கள். கலைச்சொல் ஆகா. நடந்தவர், தின்றவர் என்பதுபோல் அந்த நேரத்து வினையைச் சுட்டுமே ஒழிய, ஒரு பணியின் பெயராக நிலைக்கா. பணிக்கு -நர், -ஆளர் ஈறு வேண்டும். (கணினி ‘அனுப்புனர்’ என்று திருத்துவதை நம்பவேண்டாம். பெறுநர், ஓட்டுநர், பொருநர் எல்லாம் -நர். உறுப்பினர் மட்டும் வேறு, அது உறுப்பு + இன் + அர்.)

நேற்று வேம்பு சொன்னதையும் மறந்துவிட்டீர்கள். தொலைபேசியில் உயிரைப் பிடித்துவைத்திருப்பவரை ‘வண்டி அனுப்புபவர்’ என்கிறோம். நாளை அவரே தமிழ் படிக்க நேர்ந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

—

வேம்பு (நியூ ஜெர்சி), வியாழன் மாலை

ஐயா சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொன்றையின் கையேட்டில் நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுப்பவர், கேள்வி கேட்கும் அதே ஆள்தான். வண்டி அனுப்புபவர் வேறு ஆள். ஆகவே பெருமை சேரவேண்டியது ‘அழைப்பு ஏற்பவ’ருக்கு. இதை யோசிக்காமல் நேற்று எழுதிவிட்டேன்.

—

மட்டுறுத்துநர், வியாழன் இரவு

வாக்கெடுப்புக் கேட்டு மூவர் எழுதினார்கள். இந்தக் குழுவில் வாக்கெடுப்பால் எந்தச் சொல்லும் நிலைத்ததில்லை. ஆனாலும் கொன்றைக்காக: ‘வண்டி அனுப்புபவர்’ ஐந்து, ‘டிஸ்பாட்சர்’ இரண்டு, ‘உய்ப்பாளர்’ ஒன்று, ‘வாயிலோன்’ ஒன்று (விளையாட்டுக்கு என்று குறிப்போடு). மையமா நிலையமா என்பதில் சமம்.

—

கொன்றை (ஸ்காபரோ), வெள்ளி காலை

அச்சுக்குப் போய்விட்டது. சொற்பட்டியலில் ‘அழைப்பு ஏற்பவர்’, ‘வண்டி அனுப்புபவர்’, ‘அவசர அழைப்பு நிலையம்’. முதலாமவருக்கு, அதாவது எந்தச் சேவை என்று கேட்பவருக்கு, பெயர் வைக்கவில்லை. மன்னிக்கவும். ‘முதலில் எடுப்பவர்’ என்று வசனத்துக்குள் எழுதிவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன். ‘உங்களிடம் ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இன்னொருவர் வண்டியை அனுப்பிக்கொண்டிருப்பார். போனை வைக்காதீர்கள்.’

எல்லோருக்கும் நன்றி. பனம்பாரன் ஐயாவுக்குத் தனியாகவும்.

—

கொன்றை (ஸ்காபரோ), மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

சின்னச் செய்தி. நேற்றுச் சங்கத்தில் கையேட்டை வாசித்துக் காட்டினோம். ஆறாம் மாடி அம்மாவும் வந்திருந்தார். அந்தத் தடித்த வரியை வாசித்ததும் கையை உயர்த்தினார். ‘அப்ப அந்தப் பிள்ளை ஃபோம் நிரப்பேல்லையோ?’ என்றார். இல்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘நான் நல்லா ஏசிப்போட்டன்’ என்றார்.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), ஞாயிறு

மகிழ்ச்சி. அந்த அம்மையாரிடம் ‘உய்ப்பாளர்’ என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தீர்களா?

—

கொன்றை (ஸ்காபரோ), ஞாயிறு

சொன்னேன் ஐயா. ‘ஆர் செத்தது?’ என்று கேட்டார்.

—

பனம்பாரன் (தஞ்சாவூர்), ஞாயிறு இரவு

ஒப்பாரிக்கு வேர் ஒப்பு. உய்ப்புக்கு வேர் உய். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. என் வாக்கு இன்னும் உய்ப்பாளருக்கே என்று பதிவு செய்துகொள்க. ஒப்பாரி பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.